எட்வேட் ஐயாவின் கையில் இருந்த திறப்பு

போர்வையில் சுற்றிய படத்தை மடியில் வைத்தபடி பேசாலையிலிருந்து பெற்றிசியா மிஸ் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்ரோனெற், கதிரையில் இருந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"மிஸ், நான் கீறின படத்தில ஆரோ கை வைச்சிட்டினம்," என்றாள். "நாளைக்குத் திரைநீக்கம். சபைக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

பெற்றிசியா மிஸ் பல வருடம் திடீர் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர். பிணத்துக்கு முன்னாலும் பதறாத மனுஷி. வாசலில் நின்ற பாயிஸ் அவருடைய ஓட்டோக்காரன். மிஸ் போகிற இடமெல்லாம் கூடப் போய்ப் போய், தானும் பாதித் துப்பறிவாளன் என்று நினைப்பவன். கூப்பிடாமலே உள்ளே வந்துவிட்டான்.

போர்வை விலகியது. பிரதேச சபையின் முன்னாள் தலைவர் எட்வேட் ஐயா, வெள்ளைச் சேட்டும் மூக்குக்கண்ணாடியுமாக உயிரோடு இருப்பதுபோலப் பார்த்தார். சபை மண்டபத்தில் தலைவர் கதிரைக்கு மேலே மாட்டவென்று சபை கேட்டுக் கீறிய படம். நெஞ்சோடு சேர்ந்திருந்த வலக்கை மட்டும் எதையோ பிடித்தபடி, ஒன்றுமில்லாமல் இருந்தது. விரல்களுக்கிடையில் ஒரு வெள்ளைத் திட்டு.

"அதில ஒரு பூட்டுத் திறப்பு இருந்தது மிஸ். சேட்டு, கண்ணாடி, திறப்பு எல்லாம் ஐயான்ர பழைய பெட்டியில கிடந்ததைப் பார்த்துத்தான் கீறினனான். ஒரு கோடும் கற்பனை இல்லை. ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போட்டு, நேற்றுப் பின்னேரம் வந்து பார்க்கிறன், இப்பிடி. வீடு சும்மா சாத்தினபடிதான் கிடந்தது."

திறப்பு என்றதும் பாயிஸின் முகம் சுருங்கியது.

அந்தப் பூட்டுத் திறப்பின் கதை தீவுக்கே தெரியும். தொண்ணூறாம் ஆண்டு போருக்குள் எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனத்தை இயக்கக்காரர் உடுத்த உடுப்போடு வெளியேற்றியபோது, ஆதம்பாவா கருவாடு சேர்த்து வைக்கிற தன் கிட்டங்கியைப் பூட்டி, "திரும்பி வந்து வாங்கிறன்" என்று எட்வேட் ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போன திறப்பு. மிச்சக் கதையும் தீவுக்குத் தெரியும். சமாதான காலத்தில் ஆதம்பாவாவின் தம்பி அபூசாலி வந்து அதை வாங்கி, அண்ணனுக்குச் சொல்லாமல் கிட்டங்கியை விற்றுவிட்டான் என்பது. வாங்கியது எட்வேட் ஐயாவின் மகள் லூசியா. அபூசாலி, பாயிஸின் வாப்பா. கடைசி மூச்சுவரை "நான் தொடவே இல்லை" என்று சொன்னார். ஆதம்பாவா தம்பியின் மையத்து அடக்கத்துக்குக்கூட வரவில்லை. நாளைக்குத் திரைநீக்கத்துக்குப் புத்தளத்திலிருந்து வருகிறார்.

மிஸ் படத்தை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். மணந்தார். "உம்மட பெயின்ற் இல்லை."

"இல்லை மிஸ். வள்ளத்துக்கு அடிக்கிறது."

"பாயிஸ், இஞ்ச வா. என்ன தெரியுது?"

வெள்ளைத் திட்டின் மேல் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, சின்னச் சின்னக் கண்களாகப் பதிந்திருந்தன. படத்தின் முதுகில் உப்புப் பொருக்கும் ஒரு மீன் செதிலும் ஒட்டியிருந்தன.

"வின்சன்ற் அண்ணைதான் மிஸ்!" என்றான் பாயிஸ். "வள்ளம், பெயின்ற், மீன் எல்லாம் அவரிட்ட இருக்கு. திறப்பு வேண்டாம், பேனை வையுங்கோ எண்டு சபையில சண்டை பிடிச்சதும் அவர்தான்."

"சரி, போய்ப் பார்ப்பம்."

சபை உறுப்பினர் வின்சன்ற் கரையில் கவிழ்த்த வள்ளத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாரை வலை குவிந்து கிடந்தது. மிஸ் குனிந்து அதன் கண்ணுக்குள் கையை விட்டார். முழுக் கையும் போனது.

"தலைவர் எண்டால் கையில பேனை இருக்கோணும் மிஸ். திறப்போட இருந்தால் ஸ்டோர் கீப்பர் மாதிரியெல்லோ?" என்ற வின்சன்ற், பாயிஸைப் பார்த்துச் சிரித்தார். "அதை மறைக்க ஆசை எனக்கோ, இவனுக்கோ? அந்தத் திறப்பைப் பார்க்கிற ஆக்கள் எல்லாம் ஆரின்ர பேரைச் சொல்லுவினம் தம்பி?"

பாயிஸின் காது சுட்டது. மிஸ் அவன் தோளைத் தட்டி நடந்தார்.

லூசியாவின் கருவாட்டு வாடி, அன்ரோனெற்றின் வீட்டிலிருந்து இரண்டு வேலி தள்ளி இருந்தது. பாயில் நெத்தலி காய்ந்தது. மேலே பொடிக்கண் வலை. பக்கத்துப் பாயில் தோய்த்த சேட்டுகள். அவற்றின் மேலும் வலை. கச்சான் காற்று வலையை உடுப்போடு சேர்த்து அமுக்கியது.

"உடுப்புக்குமோ?" என்று சிரித்தார் மிஸ்.

"இந்தக் காகங்களோட ஏலாது மிஸ். எதைக் காயப் போட்டாலும் கை தன்பாட்டில வலையை எடுத்திடும்," என்றாள் லூசியா. "பாயிஸ், சாப்பிட்டியோடா? முகம் ஏன் வாடியிருக்கு? இரு, சோறு போடுறன்."

ஊரே வாப்பாவை ஏசியபோதும் அவனுக்குச் சோறு போட்ட கை அது. பாயிஸ் வழித்துச் சாப்பிட்டான். மிஸ் தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

மறுநாள் காலை, சனம் வருமுன் சபை மண்டபத்தில் ஐந்து பேரை இருத்தினார் மிஸ். அன்ரோனெற், வின்சன்ற், லூசியா, பாயிஸ். ஐந்தாவதாக, ஊன்றுகோலோடு ஆதம்பாவா. அவர் பாயிஸின் பக்கம் திரும்பவே இல்லை.

"திறப்பை மறைச்ச ஆள் அன்ரோனெற் வரமுந்தி பெயின்ற் காயோணும் எண்டு அவசரப்பட்டிருக்கு," என்றார் மிஸ். "படம் கீறுற ஆள் படத்தை வெயிலில போடாது. இந்த ஆள் நிலத்தில போட்டிருக்கு. போட்டு, காகம் எச்சம் போடாமல் மேலே வலையும் விரிச்சிருக்கு. கச்சான் அதை ஈரப் பெயின்றோட அமுக்கிப்போட்டுது. வின்சன்ற்றின்ர வலைக் கண்ணுக்குள்ள என்ர கை முழுக்கப் போகும். இதில சுண்டுவிரலும் போகாது. நெத்தலிக்கு மேல போடுற வலை. படத்துக்கும் உடுப்புக்கும் வலை போடுற கை இந்த ஊரில ஒண்டுதான்."

லூசியா சேலைத் தலைப்பைத் திருகினாள். "அப்பான்ர படத்தை நான் ஏன் பழுதாக்கப் போறன்? பிடிக்காட்டி அழியுங்கோ எண்டு வாயால சொல்லியிருப்பனே."

"சொன்னால் ஏன் எண்டு சபை கேட்டிருக்கும். அன்ரோனெற், திறப்பை எங்க பார்த்தனீர்?"

"அவையின்ர வீட்டில, ஐயான்ர பெட்டியில. லூசியாக்கா அப்ப கரையில நிண்டவ. வேலைக்கு நிண்ட மனிசிதான் திறந்து காட்டினது."

"அபூசாலி வாங்கிக்கொண்டு போன திறப்பு," என்றார் மிஸ் மெதுவாக, "எட்வேட் ஐயான்ர பெட்டிக்குள்ள எப்பிடி வந்தது?"

நேற்று முழுக்க அந்தக் கேள்விக்கு மேலேயே தான் நடந்து திரிந்தது பாயிஸுக்கு இப்போதுதான் உறைத்தது.

அன்ரோனெற் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் வெள்ளைத் திட்டை மெல்லத் துடைத்தாள். அடியில் மாதக்கணக்காகக் காய்ந்திருந்த நிறம் அசையவில்லை. முதலில் பச்சை நூல் வந்தது. பிறகு, தலையில் பிறை கீறிய பித்தளைத் திறப்பு.

ஆதம்பாவா எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போனார். "என்ர கத்தியால நான் கீறின பிறை," என்றார். "இது எட்வேட்டை விட்டுப் போகவே இல்லையோ?"

"அப்பா கடைசி மட்டும் கவனமா வைச்சிருந்தவர்," என்றாள் லூசியா. "அவர் போனாப் பிறகு நான்தான் அதால கிட்டங்கியைத் திறந்து எடுத்தன். அது இல்லாட்டி எனக்குத் தொழில் இல்லை. நீங்கள் வந்து கேட்டியள். வாயில வந்த பேரைச் சொன்னன். அபூசாலி காக்கா அப்ப மௌத்துப் படுக்கையில. அவர் எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லவா போறார் எண்டு நினைச்சிட்டன்."

பாயிஸ் அவளைப் பார்த்தான். "அப்ப எனக்கு ஏனக்கா சோறு போட்டனீங்கள்?"

அவள் தலைகுனிந்தாள்.

வெளியே சனம் சேரும் சத்தம் கேட்டது. "படம் இப்பிடியே இருக்கட்டும்," என்றார் வின்சன்ற். பேனையைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

ஆதம்பாவா திரைநீக்கத்துக்கு நிற்கவில்லை. ஊன்றுகோலைத் தட்டித் தட்டி ஓட்டோவடிக்கு வந்தார். "மகன், உன்ர வாப்பாவை அடக்கின கபுறடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ."

இத்தனை வருடத்தில் பெரியவாப்பா அவனோடு பேசிய முதல் பேச்சு. பாயிஸ் அவரைக் கைபிடித்து ஏற்றினான். தன் ஆசனத்தில் ஏறி இருந்தான். ஆனால் வண்டியை இயக்கவில்லை.

"ஆரோ சொன்னதைக் கேட்டியள் பெரியவாப்பா," என்றான் முன்னால் ரோட்டைப் பார்த்தபடி. "ஒருக்கா வாப்பாட்டயும் கேட்டிருக்கலாமே."

பிறகு வண்டியை இயக்கினான். எருக்கலம்பிட்டிப் பக்கம் ஓட்டோவைத் திருப்பினான்.