நெட்டையின் அளவு

தையல் மிஷின் நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அந்தக் கயிற்றை மகனின் உள்ளங்கையில் வைத்தாள் அவள்.

பருத்தி நாடாவை மடித்துத் தைத்த ஒரு சாண் கயிறு. இரு முனையிலும் விரல்கள் நுழைய ஒவ்வொரு வளையம். ஒன்று பார்வையில்லாத அவள் மகனுக்கு. மற்றது பக்கத்தில் ஓடி அவனுக்கு வழி சொல்பவனுக்கு. இன்று பத்து மணிக்குத் தேர்வு ஓட்டம், நானூறு மீட்டர். ஜெயித்தால் தேசிய அணி.

மகன் வளையத்தை விரலால் தடவினான். மறுபடியும் தடவினான்.

"இது யாருக்குத் தைச்சது?"

"புதுசா உன்கூட ஓடுறாரே, அந்தத் தம்பிக்குத்தாம்பா…"

"அவர் விரல் சின்னது. இது நெட்டையோட அளவு."

அவளுக்குத் திக்கென்றது. புது ஆளின் அளவு எழுதிய சீட்டு கத்தரிக்கோலுக்கு அடியில்தான் கிடந்தது. பார்த்துத்தான் உட்கார்ந்தாள். ஆனால் ஆறு வருடமாக ஒரே அளவை வெட்டிய கை, அதையே வெட்டித் தைத்து முடித்திருக்கிறது!

"நீங்களே அவனை வெட்டி விடுவீங்க. அப்புறம் நீங்களே அவனுக்கு அளவு வச்சுத் தைப்பீங்களா?"

நீங்க… பெற்றவளைப் பன்னிரண்டு நாளாக இப்படித்தான் மரியாதையாகக் கொல்கிறான்.

ஆறு வருடத்துக்கு முன் வீட்டுக்காரர் ஓட்டிய வேன் கவிழ்ந்ததில் போன கண்கள் அவை. நான்கு வருடம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை மகன். அந்த நாட்களில் அறைக்குள் புகுந்து அவனை இழுத்து வந்தவன் நெட்டை. பள்ளியில் பக்கத்துத் தடத்தில் ஓடிய சிநேகிதன். தன் பந்தயங்களையெல்லாம் விட்டுவிட்டுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அவன் ஓயாமல் பேசிப் பேசித்தான் இரண்டு வருடத்துக்கு முன் மகன் மறுபடி "அப்பா" என்று கூப்பிட்டான்.

பிறகு அந்த மத்தியானம். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பின்வாசல் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கயிறு இன்னும் இரண்டு கைகளிலும் இருந்தது. ஓட்டம் முடிந்த பிறகும் கழற்றவில்லை. நெட்டையின் கட்டைவிரல் மகனின் விரல் மூட்டுகளை மெல்ல வருடிக்கொண்டிருந்தது. மகன் சிரித்தான். கண் போனதிலிருந்து அவள் பார்க்காத சிரிப்பு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கணத்திலேயே பயமும் வந்தது. பின்னால் நின்று நாத்தனாரும் பார்த்துவிட்டாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சாயங்காலமே விஷயம் வீட்டுக்காரரின் காதுக்குப் போயிற்று. அவர் அவளுடைய போனை எடுத்தார். அவள் அனுப்புவதுபோல் நெட்டைக்கு அனுப்பினார்: 'தம்பி, இனி எங்கள் வீட்டுப் பக்கம் வராதே. என் மகனை விட்டுவிடு.'

"நீயாம்மா அனுப்பினே?" என்று மகன் கேட்டபோது கதவருகே வீட்டுக்காரர் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அனுப்பியது அப்பா என்று தெரிந்தால் இந்த முறை உறவு ஒட்டவே ஒட்டாது…

"ஆமா," என்று சொல்லிவிட்டாள்.

"அந்தக் கயிறு முடிஞ்சுதா இல்லையா?" நாத்தனாரின் குரல் அவளை இழுத்து வந்தது. "ஏம்மா, நேத்துலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கே? நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்! நாலு பேர் பேச ஆரம்பிச்சா, அத்தனை வாயையும் தைக்க உன் மிஷின்ல நூல் இருக்கா?"

"அண்ணி, நேத்து அவன் விழுந்தான். முட்டி பூரா ரத்தம். அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்களே…"

நேற்றைய பயிற்சியில் புது ஆள் "வளைவு" என்று ஓர் எட்டு தாமதமாகச் சொன்னானாம். மகன் முழு வேகத்தில் தடத்தின் ஓரக் கம்பியில் போய் மோதியிருக்கிறான். இன்று இன்னும் வேகமாக ஓடுவான். பந்தய விதிப்படி கண்ணையும் கட்டிக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒரு குரலை நம்பி…

"விழுந்தா எழுந்திருப்பான்," என்றார் வீட்டுக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

விழுந்தால் எழலாம். இந்த ஊர் கூடி அடித்தால் எழ முடியுமா? பன்னிரண்டு நாளாக அந்தப் பயம்தான் அவள் வாயை அடைத்திருந்தது. ஆனால் நேற்று ரத்தச் சட்டையை அலசியபோது, தண்ணீர் மூன்று முறை மாற்றியும் சிவப்பாகவே இருந்ததே!

"நூல் தீர்ந்து போச்சு. வாங்கிட்டு நேரா மைதானத்துக்கு வந்துடறேன்," என்றாள். கயிற்றை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நெட்டை வேலை பார்க்கும் டயர் கடையில் ஒரு லாரிக்கு அடியிலிருந்து இரண்டு நீளக் கால்கள் மட்டும் தெரிந்தன.

"நெட்டை…"

தலை இடிபட வெளியே வந்தான். கறுத்து, இளைத்து, தாடியோடு இருந்தான்.

"அம்மா! அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இன்னும் ஆகலைடா. ஆயிடுமோன்னுதான் ஓடி வந்தேன். வா… அவன்கூட ஓடு. அந்தச் செய்தி நான்…"

"நீங்க அனுப்பலைன்னு எனக்குத் தெரியும்மா."

அவள் விழித்தாள்.

"என்னை என்னிக்காவது 'தம்பி'ன்னு கூப்பிட்டிருக்கீங்களா? நெட்டை, பனைமரம், சோத்துப்பானை… இவ்வளவுதானே?" சிரிக்கப் பார்த்தான். உதடு கோணியது. "அப்பான்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. சொன்னா அவன் நேரா அவர்கிட்டதான் போய் முட்டுவான். வருஷக்கணக்கா பேசி ஒட்ட வச்சதும்மா அது… உங்க தலையில விழட்டும்னு விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று அவளுக்கு அழுகை பொங்கியது. அழ நேரமில்லை.

"அவனை உனக்குப் பிடிக்குமாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் கிரீஸ் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "ரொம்பம்மா."

"பயமா இல்ல?"

"தினமும்."

"எனக்கும்தான். வா, வண்டியை எடு."

மைதானத்தில் ஜோடிகளை அழைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் கறுப்புப் பட்டை கட்டி மகன் நின்றான். பயிற்சியாளர் நெட்டையின் பெயரைப் பட்டியலிலிருந்து இன்னும் அடிக்கவில்லை. புது ஆளோ, விலகச் சொன்னதும் பிழைத்தோம் என்று ஒதுங்கினான். ஆனால் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"இவனை எதுக்குடி கூட்டிட்டு வந்தே? எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும்."

குரல் கேட்டு மகன் திரும்பினான். "யாரு? யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

நெட்டை தொண்டையைச் செருமினான். அவ்வளவுதான். மகனின் முகம் ஒரு கணம் பிரகாசித்தது. அடுத்த கணம் கசந்தது.

"இது என்ன விளையாட்டு? உங்களுக்குத் தோணும்போது விரட்டுவீங்க, தோணும்போது கூட்டிட்டு வருவீங்களா? நாங்க என்ன உங்க மிஷின்ல கிடக்கற துணியா?"

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லலாம். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"தப்பு பண்ணிட்டேம்ப்பா," என்றாள். "பயந்து போய் நான்தான்… என்னை மன்னிச்சிடு. இவன் மேல கோவப்படாதே. விழாம ஓடு, அது போதும்…"

"போதும், நிறுத்து!" வீட்டுக்காரரின் குரல் உடைந்தது. "அவ இல்லடா… அனுப்பினது நான். அவ போன்லேர்ந்து நான்தான் அனுப்பினேன். என் கையாலதான் ஒரு தடவை உனக்கு எல்லாம் போச்சு. இவன்கூடப் பார்த்து ஊர்ல எவனாவது உன்னை அடிச்சுப் போட்டா… என்னால இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க முடியாதுடா!"

கடைசி அழைப்பு ஒலித்தது.

"உங்ககிட்ட வீட்ல பேசிக்கறேம்ப்பா," என்றான் மெதுவாக. அப்பா என்ற சொல் அறுந்து போகவில்லை. பிறகு காற்றில் கையைத் துழாவினான். அவள் ஓடிப் போய் அந்தக் கையைப் பிடித்தாள். அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"பன்னெண்டு நாள்மா… ஏம்மா நீ வாயே திறக்கலை?"

"கயிறு எடுத்துக்கோ," என்றாள். காலையில் தைத்த கயிற்றின் ஒரு வளையத்தை அவன் விரல்களில் மாட்டினாள். மறு வளையத்தை நெட்டையின் விரல்களில் மாட்டினாள். இம்மி பிசகவில்லை.

வெடிச் சத்தம். நான்கு ஜோடிகள் கிளம்பின.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மகனுக்கு என்ன தெரியுமோ அதுவே தனக்கும் தெரியட்டும். இருட்டு. காலடிகள். நெட்டையின் குரல்: "வளைவு! வளைவு! நேர்… நேர்…" இரண்டாவது வளைவில் யாரோ "ஐயோ!" என்றார்கள். மூச்சே நின்றது. வேறு ஜோடி… வேறு யாரோ. "பத்து… அஞ்சு… நெஞ்சைக் கொடு!"

கண்ணைத் திறந்தபோது மகனின் நெஞ்சு முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டியது.

"ஏன் நெட்டை கடைசில பின்வாங்கிட்டான்?" வீட்டுக்காரர் பதறினார்.

"அதாங்க சட்டம். கயிறு பிடிக்கறவன் முன்னாடி போயிடக் கூடாது. அவன் ஆறு வருஷமா அரையடி பின்னாலதான் நிக்கறான்."



கூட்டம் கலைந்து அரை மணி ஆயிற்று. இருவரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். கயிறு இன்னும் கைகளில்தான் இருந்தது. பார்வையாளர் வரிசையிலிருந்து நாலைந்து பேர் அதையே பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்தப் பயம் அவளுக்கு மறுபடி வந்தது. கழற்றச் சொல்லலாமா என்று ஓர் எட்டு வைத்தாள்.

அதற்குள் வீட்டுக்காரர் அவர்களிடம் போய்விட்டார். தோளில் கிடந்த துண்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். "வேர்வையைத் துடைங்கடா," என்றார். கயிற்றைப் பார்த்தார். கழற்றச் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் நின்றார்.

அவள் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.