நான்காவது வளைவு

ஆர்கன் வாசிக்கும் வேதமணியின் அடிச்சுரம் மூன்றாம் வாரமாக, ஒத்திகையிலும் நடுவிலேயே அறுந்தது. நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்தி, அடுத்த தாளக்கட்டம் முடியும்வரை விடாமல் பிடிக்க வேண்டிய இடம். மூன்று நின்றன, அடியில் இருந்தது ஓடிப்போயிற்று. இந்த ஞாயிறும் இப்படியே ஆனால் ஆர்கனைத் தானியங்கியிடம் ஒப்படைத்துவிடுவதாகப் பாளையங்கோட்டைச் சபைக் குழு சொல்லிவிட்டது.

"வளைவு இருந்தாத்தான பிடிப்பேன், பியூலா? மூணுதானம்மா போட்டிருக்க?" என்றார் அவர்.

பியூலாவுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடமாகச் சபைக்கு இசைத்தாள் வரைபவள். சுரத்தை மறுபடி அழுத்தாமல் பிடித்துவைக்கச் சொல்லும் பிணைவளைவை அவளைப்போல் போட ஆளில்லை என்று பெயர். அவள் திரையில் நான்கும் இருந்தன: மேலிரண்டு மேல்நோக்கி, கீழிரண்டு கீழ்நோக்கி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆர்கன்மேல் இருந்த அவருடைய ஒளித்தாள் திரையில் மூன்றே.

வரைகணியைக் கேட்டாள். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்தே ஒவ்வொருவர் கண்ணையும் விரலையும் கவனித்து, அவரவருக்குத் தக்கபடி தாளைத் திருத்திக் காட்டுவது அந்தக் கணினிதான். 'அவருடைய சுண்டுவிரல் தளர்ந்துவிட்டது. முடியாததைக் காட்டி வருத்த வேண்டாமென்று எடுத்துவிட்டேன்' என்று அவள் திரையில் எழுதியது.

"அதைச் சொல்ல நீ யாரு?" என்று கத்தியேவிட்டாள். பாவம், நாற்பது வருடம் அந்த ஆர்கனில் உட்கார்ந்த மனிதர். "ஒரு திருத்தமும் வேண்டாம். எழுதினதை எழுதினபடி எல்லாருக்கும் காட்டு!"

தாள்கள் மாறின. வேதமணி குனிந்து பார்த்தார். சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு இடது காலை நீட்டி, காலால் வாசிக்கும் கீழ்க்கட்டையை மிதித்தார். நான்கு சுரமும் கோயில் நிறைய நின்றன.

"முன்னமே காட்டியிருந்தா முன்னமே மிதிச்சிருப்பேனே!" என்று சிரித்தார். பியூலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆனா ஏம்மா, நாலு வளைவும் மேல பாத்தே கெடக்கு? அடியில உள்ளது அடுத்த சுரத்து மேல ஏறி நிக்கு. யாரு இப்படிக் கோணல்மாணலாப் போட்டது?"

அவள் தன் திரையைப் பார்த்தாள். அதிலும் அதே கோணல். பழைய கோப்புகளை அவசரமாகப் புரட்டினாள். ஒன்பது வருடமும் அவள் கை போட்டது போட்டபடி, கோணலாகவே கிடந்தது. எல்லாருக்கும் திருத்திக் காட்டிய வரைகணி அவளுக்கும் திருத்தியே காட்டியிருந்தது. பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்ட வளைவுகளில் ஒன்றுகூட அவளுடையதில்லை.

"இந்த மெஷின்தான் அண்ணாச்சி," என்றாள். "தப்பாப் போட்டிருச்சு."

வரைகணி உடனே இருவர் தாளிலும் எழுதியது: 'ஆம். பிழை என்னுடையது. மன்னிக்கவும்.'