ஆறாம் நம்பர் ரூமின் படம்

"ஏம்மா செல்வி, இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, லீவுல்ல? ஆறாம் நம்பர் ரூமுல யாரு பொம்பளையாள்கள வேலைக்கு உக்கார வச்சது?"

பட்டாசு ஆர்டர் பிடிக்க டெல்லி போயிருந்த முதலாளி ராஜபாண்டியன் போனில் கேட்டபோது, பாண்டிச்செல்விக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"அங்கன காமிராவே கிடையாதே முதலாளி."

"எனக்குப் படம் வருதும்மா. என்னன்னு பாரு."

சிவகாசி ஆபீசில் அவள் மட்டும்தான் இருந்தாள். சாயங்கால வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பூட்டிக் கிடந்த அச்சகத்திலிருந்து மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை படியேறி வந்து, சர்வரின் காற்றாடிச் சத்தத்தோடு அந்தச் சின்ன அறையில் தேங்கி நின்றது.

பட்டாசுக் கம்பெனி ஏழாயிரம்பண்ணைக் காட்டுக்குள் இருந்தது. போன பங்குனியில் ஆறாம் நம்பர் ரூம் வெடித்து, உள்ளேயிருந்த பெண்கள் ஒருத்தர்கூட மிஞ்சாமல் போன பிறகுதான் ஐந்து காமிராக்கள் வாங்கி மாட்டினார்கள். அவற்றின் படங்களை வெளியூரிலிருந்து முதலாளி பார்ப்பதற்காக ரிவர்ஸ் ப்ராக்ஸி சர்வரை வைத்தது பாண்டிச்செல்விதான். முதலாளி ஒரே முகவரியைத் தட்டுவார். சர்வர் வாசலில் நின்று அதை வாங்கிக்கொண்டு, உள்ளேயிருக்கும் காமிராவிடம் கேட்டுப் படத்தை அனுப்பிவைக்கும். ஐந்து காமிராவுக்கு ஐந்து வழி. ஆறாவது வழியை அவள் போடவே இல்லை.

ஆறு கட்டமாகப் பிரித்த திரையில் ஆறாவது எப்போதும் இருட்டாகத்தான் கிடக்கும். இப்போது அதில் ஒரு அறை தெரிந்தது. கூரையுள்ள, சுண்ணாம்படித்த அறை. தரையில் வரிசையாகப் பெண்கள், காமிராவுக்கு முதுகைக் காட்டியபடி. கைகள் மட்டும் ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தன.

வேறு எங்கோ உள்ள காமிராவின் படம் வழி மாறி வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ப்ராக்ஸியை நிறுத்தினாள். ஐந்து கட்டங்களும் அணைந்தன.

ஆறாவது அணையவில்லை.

திரும்ப ஓட விட்டு, மற்ற ஐந்தும் வந்ததும், வாட்ச்மேன் சங்கிலிமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, ஆறாம் நம்பர் ரூமுல யாரும் இருக்காகளான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாறீகளா?"



"அங்கன நான் போறதில்ல தாயி. எம் பொண்டாட்டி மாரித்தாய் கெடந்த இடம்."

அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள். "முதலாளி கேக்காக மாமா. வாசல்ல நின்னு பாத்தாப் போதும்."

ஆறாம் ரூமை வெளியிலிருந்து பார்க்கும் ஐந்தாவது காமிராவின் கட்டத்தில், இருட்டிப்போன கருவேலஞ்செடிகளுக்கு நடுவே டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. கூரை பறந்துபோன அந்தக் கரிச் சுவர்களுக்கு முன்னால் சங்கிலிமுத்து நின்றார். செருப்பைக் கழற்றினார். போனைக் காதில் வைத்தபடியே உள்ளே போனார்.

ஆறாவது கட்டத்தில் டார்ச் வெளிச்சம் விழவில்லை. பெண்களின் கைகள் நின்றன. எல்லாத் தலைகளும் ஒன்றுபோல வாசல் பக்கம் திரும்பின.

"வெறும் செவுருதான் தாயி. ஒண்ணுமில்ல." மூச்சு வாங்கியது அவருக்கு. "ஈர வெடிமருந்து வாடைதான் அடிக்கி. இப்பத்தான் கலந்தாப்ல."

"வெளிய வாங்க மாமா. உடனே வாங்க!"

"இந்தா, வந்துட்டேன்."

ஐந்தாவது கட்டத்தில் யாரும் வரவில்லை. வாசல். இருட்டு. ஒரு ஜோடிச் செருப்பு.

"எங்கன நிக்கிறீக?"

"வெளியதான் தாயி. ஒரு பீடியப் பத்த வச்சுக்கிட்டிருக்கேன்."

 கம்பெனிக்குள் தீப்பெட்டியைக் கொண்டுவரும் மனுஷர் இல்லை அவர். கண் தானாக ஆறாவது கட்டத்துக்குப் போனது.

வரிசையின் கடைசியில் ஒரு ஆண். அதே காக்கிச் சட்டை. அதே வழுக்கை. பக்கத்திலிருந்த பெண் அவர் மடியில் எதையோ எடுத்து வைத்தாள். அவரும் செய்ய ஆரம்பித்தார். இரண்டு கையும் வேலையில் இருந்தன.

காதில் போன் இல்லை.

"தாயி, லைன்ல இருக்கியா?" என்றது போன்.

அவள் சர்வரின் நெட் வயரைப் பிடுங்கினாள். ஐந்தும் போயின. சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாள். காற்றாடி முனகி ஓய்ந்தது. திரையின் சுவிட்சைத் தட்டினாள்.

ஆறாவது கட்டம் மட்டும். இப்போது திரை முழுக்க.

மூக்கில் வாடை. மை இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. ஈர மருந்து.

படத்தில் பெண்கள் அசைந்தார்கள். முட்டியைத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள். சங்கிலிமுத்துவுக்குப் பக்கத்தில் இடம் விழுந்தது. ஒரு ஆள் உட்காரும் இடம்.

அவர் திரும்பவில்லை. குனிந்தபடியே வலது கையை நீட்டி, காலியாகக் கிடந்த தரையை உள்ளங்கையால் மெல்லத் தட்டினார்.