ஆள் உள்ளே

முந்தின நாள் சாயங்காலம் தன் கையாலேயே அழித்த கிளை, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, ஒன்றுமே நடக்காததுபோல் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ வீட்டிலிருந்து பழைய நகலைத் தெரியாத்தனமாகத் திருப்பி ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் அது நடப்பதுதான்.

லிஃப்ட்களை ஓட்டும் மென்பொருளை எழுதித் தரும் கம்பெனி அது. ஆளாளுக்கு மென்பொருளின் ஒரு நகலை 'கிளை'யாகப் பிரித்துக்கொண்டு எழுதுவார்கள். அவ்வப்போது எல்லாக் கிளைகளையும் ஒன்றாகச் சேர்த்தாக வேண்டும். அதைத்தான் மெர்ஜ் என்பார்கள். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால், எதை வைக்க, எதை விட என்று மெஷின் நின்று கேட்கும். அந்த முடிச்சுகளை அவிழ்ப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. கிழிசல் தெரியாமல் ஒட்டுகிறாள் என்று யாரோ விளையாட்டாகச் சொல்லப்போய், 'தையல்' என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. யார் எதை எப்போது மாற்றினாலும், பெயரோடும் ஒரு வரிக் குறிப்போடும் அது வரலாற்றில் பதிந்துவிடும். தப்பைத் திருத்தலாம், திருத்தியதும் பதியும். அந்த வரலாற்றையே திருத்துவதுதான் இந்த வேலையில் யாரும் செய்யக்கூடாத காரியம். அதைத்தான் அவள் நேற்றுச் செய்திருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், இதே கட்டடத்து லிஃப்டின் குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மேல் லிஃப்ட் இறங்கியது. குழிக்குள் போகிறவர் சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். போட்டதும் மென்பொருளுக்கு 'ஆள் உள்ளே' என்று தகவல் போகும். ஆள் உள்ளே இருந்தால் நகராதே என்று அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் லீவில் இருந்தாள். மேனேஜரே அவசரம் அவசரமாக மெர்ஜ் பண்ணினார். மெஷின் நின்று கேட்டபோது, படித்துப் பார்க்காமல் ஒரு பக்கத்தை அப்படியே வைத்து மறுபக்கத்தைத் தள்ளிவிட்டார். தள்ளிய பக்கத்தில் அந்த வரியும் போனது. குறிப்பில் 'சின்னத் திருத்தம்' என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரிகள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த வரி எப்பவுமே இல்லாத மாதிரி ஆக்கிடும்மா. பழைய பிராஞ்ச், ஹிஸ்டரி எல்லாத்தையும். உன்னால முடியும்."

"சார், அது..."

"தெரியும். எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னா நினைக்கிற? போனவர் திரும்பி வரப் போறதில்ல. இங்க இருக்கிற நாப்பது குடும்பத்தைப் பாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் பிள்ளை பிறந்து சில வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவளை எல்லாக் கம்பெனியும் வாசலோடு அனுப்பியபோது, உட்காரச் சொல்லிப் பேசியவர் அவர்தான். அந்த நன்றிக்காகத் தலையாட்டினாள். வீட்டில் புருஷனிடம்கூட என்ன வேலை என்று சொல்லாமல் சனிக்கிழமை வந்து, கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டி, சர்வரில் இருந்த நகலையும் காப்பு நகலையும் தேடித்தேடித் துடைத்தாள். துடைத்ததற்குச் சின்னதாக ஒரு குறிப்பும் எழுதவேண்டியிருந்தது. 'சுத்தம் செய்தது' என்று எழுதினாள்.

இன்று சரிபார்க்க வந்தால், அது திரும்பி வந்திருக்கிறது.

மறுபடி அழித்தாள். போனதா என்று பார்த்தாள். போயிருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். ஐந்தாவது மாடி முழுக்க அவள் ஒருத்திதான். வெளியே மதியத்திலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்திருந்தது. ஏசி ஓடாத ஹாலில் கார்பெட்டின் ஈர வாடையும் யாரோ மேஜையில் மறந்துவிட்டுப்போன ஆரஞ்சுப்பழத்தின் அழுகல் வாடையும் கலந்து நின்றன. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தானாக அணையும் விளக்குகள், அவள் நடந்த பக்கம் எரிந்தும் நடந்து தாண்டிய பக்கம் ஒவ்வொரு வரிசையாக அணைந்தும், இருட்டைக் கூடவே இழுத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தன. தாழ்வாரத்தின் கோடியில் மஞ்சள் நாடா ஒட்டிய லிஃப்ட் கதவு. அதைப் பார்க்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கிளை வந்திருந்தது. இந்த முறை அதன் நுனியில் புதிதாக ஒரு பதிவும் இருந்தது.

செய்தவர் பெயர் இருக்கும் இடத்தில் 'லிஃப்ட்' என்று இருந்தது. குறிப்பு: ஆள் உள்ளே.

மொட்டைமாடி அறையில் இருக்கும் லிஃப்டின் பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. அதிலும் மென்பொருளின் நகல் இருக்கும். தன் நிலையை அதுவே எழுதி அனுப்பவும் செய்யும். அந்த நகலை அவள் மறந்துபோயிருந்தாள். இவ்வளவுதானா விஷயம் என்று மூச்சு விட்டுக்கொண்டு மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"சார், மேல பெட்டியில ஒரு காப்பி இருக்கு. அதுதான் திருப்பித் திருப்பி அனுப்புது."



"எப்படிம்மா அனுப்பும்? அதுக்குக் கரண்டே கிடையாது. அன்னிக்கு மெயினை இறக்கிப் பூட்டினதே நான்தான்."

"இப்பகூட வந்திருக்கு, சார்."

"சரி, எதையும் தொடாதே. நான் கிளம்பி வரேன்."

போனை வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மழையில் ஏதோ குழாய் ஆடுகிறது என்று நினைத்தாள். மூன்று தட்டல். ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. இரும்பின் மேல் இரும்பு படும் சத்தம், மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் சுவருக்குள்ளிருந்தே வருவதுபோல். குழிக்குள் இறங்கினால் ஸ்பேனரால் லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தை மூன்று முறை தட்டுவது அந்த மெக்கானிக்கின் வழக்கம். நான் இருக்கேன், பார்த்துக்கோங்க என்று அர்த்தம். 'பெரிய முதலாளி தட்றார், யாராவது கதவைத் திறங்கப்பா' என்று ஹாலே சிரிக்கும். அவளும் சிரித்திருக்கிறாள்.

மூன்று தட்டல். திரையில் ஒரு பதிவு வந்தது. ஆள் உள்ளே.

மூன்று தட்டல். இன்னொன்று. ஆள் உள்ளே.

அழித்தாள். வந்தது. அழித்தாள். விரல் எடுப்பதற்குள் வந்தது. போன் அதிர, தூக்கிவாரிப்போட்டது. புருஷன்.

"எப்ப வர்ற? பாப்பா அம்மா எங்கன்னு கேட்டுட்டே இருக்கா."

"இதோ வந்துடறேங்க."

"அங்க என்ன தட்ற சத்தம்? ஞாயித்துக்கிழமைகூட வேலை நடக்குதா?"

ஆக, அவருக்கும் கேட்கிறது. அதுவரை இது தன் பயம்தான் என்று பிடித்துக்கொண்டிருந்த ஒரு கொம்பும் கையை விட்டுப் போனது. "ஆமாங்க, வேலை நடக்குது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். படிக்கட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தாள். மஞ்சள் நாடா பிய்ந்து தரையில் கிடந்தது. கதவுக்கு மேலே, இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்த எண் பலகையில், கீழ்த்தளத்தின் எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

மேனேஜர் கூப்பிட்டார்.

"கீழ வந்துட்டேன்மா. லிஃப்ட் திறந்து லைட் எரிஞ்சுட்டிருக்கு. நாளைக்கு ஆளுங்க வராங்கன்னு எலெக்ட்ரீஷியன் போட்டிருப்பான் போல."

"ஏறாதீங்க சார். படியில வாங்க."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு அஞ்சு மாடியா? ரெண்டு மாசமா ஏறி ஏறி உயிர் போகுது."

"சார், சொல்றதைக் கேளுங்க. அதுல அந்த வரி இல்ல. நான் எல்லா இடத்திலயும் எடுத்துட்டேன்."

"நான் என்ன குழிக்குள்ளயா நிக்கப்போறேன்?"

கதவு மூடும் சத்தம் போனிலும் கேட்டது, சுவருக்குள்ளும் கேட்டது.

எண் மாறவே இல்லை. கீழ்த்தளம். கீழ்த்தளம். பிறகு பலகையில் எண்ணே இல்லை. வெறும் ஒரு கோடு.

"என்னம்மா இது, கீழ போகுது" என்றார் மேனேஜர். "கீழ எங்க போகும்? இதுக்குக் கீழ மாடியே இல்லையே."

அவள் மேஜைக்கு ஓடினாள். அந்த வரி வேண்டும். இப்போதே வேண்டும். சர்வரில் இல்லை, காப்பு நகலில் இல்லை. கெட்டிக்காரி, ஒன்று விடாமல் துடைத்திருந்தாள். உலகத்திலேயே அந்த வரி மிச்சமிருந்த இடம், அவள் அழிக்க அழிக்கத் திரும்பி வந்த அந்தக் கிளை ஒன்றுதான். அதைத் திறந்து மெர்ஜ் கொடுத்தாள். மெஷின் நின்று கேட்டது. ஒரு பக்கம் வெற்றிடம். மறுபக்கம், ஆள் உள்ளே இருந்தால் நகராதே. எதை வைக்க?

வரியை வைத்தாள்.

சுவருக்குள் எங்கோ கம்பி வடங்கள் முனகி நின்றன.

"நின்னுடுச்சு" என்றார் மேனேஜர். மூச்சு வாங்கியது. "நின்னுடுச்சும்மா. நல்ல வேளை."

அவள் நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தையல்."

"சார்?"

"கீழ இருந்து தட்றாங்க." அவர் குரல் குழந்தையின் குரல் மாதிரி ஆகியிருந்தது. "என் காலுக்குக் கீழ. யாரோ இருக்காங்க."

திரையில் புதிதாக ஒரு பதிவு. அந்த வரி நீக்கப்பட்டிருந்தது. செய்தவர் பெயர்: மேனேஜர். குறிப்பு: சின்னத் திருத்தம்.

"சார், நீங்க எதையாவது தொட்டீங்களா?"

போனில் ஒரு நீண்ட இரும்புச் சத்தம். பிறகு சத்தமே அல்லாத ஒன்று. அதைத் தரைதான் முதலில் உணர்ந்தது, அப்புறம் அவள் பாதம். பிறகு போன் அணைந்தது.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. தட்டலும் நின்றிருந்தது.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசையாததால் ஹாலின் விளக்குகள் கோடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக அணைந்துகொண்டு வந்தன. கையை ஆட்டினால் எரியும். ஆட்ட முடியவில்லை. மூக்கில் கிரீஸ் வாடை ஏறியது, கெட்டியாக, சூடாக.

திரையில் இன்னொரு பதிவு.

செய்தவர் பெயர்: அவளுடையது. குறிப்பு: சுத்தம் செய்தது.

அதற்குக் கீழேயே அடுத்தது. லிஃப்ட். ஆள் உள்ளே.

ஆள் உள்ளே.

யார்? எங்கே உள்ளே? மேனேஜர்தான். குழிக்குள். அவள் இல்லை. அவள் ஐந்தாவது மாடியில், தன் நாற்காலியில், ஜன்னலோரத்தில் இருக்கிறாள்.

மேஜையில் இருந்த டம்ளரில் தண்ணீர் லேசாக நடுங்கியது. நாற்காலி ஒரு தடவை குலுங்கியது. அடிவயிறு மேலே எழும்பியது, லிஃப்டில் இறங்கும்போது எழும்புமே, அப்படி.

ஜன்னலைப் பார்த்தாள்.

எதிர்க் கட்டடத்தின் விளக்கெரிந்த ஜன்னல்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. ஒரு மாடி. அடுத்த மாடி. துணி மடிக்கும் ஒரு பெண், டிவி முன்னால் ஒரு கிழவர், எல்லாரும் மெதுவாக மேலே. பிறகு தெருவிளக்கு. பிறகு மழையில் நனைந்த வாசல், அதில் மேனேஜரின் கார். பிறகு மண்.

பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், எண்ணெய் வழிந்த கான்கிரீட் சுவர் மட்டும், மேலே மேலே, நகர்ந்துகொண்டே இருந்தது.