கவுனின் அடிப்பக்கம்

காலையில் கவுனைச் சுற்றிக் கட்டும்போதுதான் வெர்னா கவனித்தாள். அதன் அடிமடலில் மாவு ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஐந்து சின்ன விரல்களின் எண்ணெய்த் தடம்.

கோழித்தீவனம் வந்த பருத்திச் சாக்கில் தைத்த வீட்டுக் கவுன் அது. முன்னால் இரண்டு மடல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இடுப்பில் நாடா கட்ட வேண்டும். வேலையில் மேல்மடல் அழுக்கானாலும் அடிமடல் சுத்தமாக இருக்கும். யாராவது கதவைத் தட்டினால் அதை மேலே மாற்றிப் போட்டுக்கொண்டு போய்த் திறக்கலாம். கன்சாஸ் பண்ணைப் பெண்களுக்கு அது கை தானாகச் செய்யும் காரியம். ஆனால் நேற்று யாரும் வரவில்லை. அடிமடலை வெர்னா தொடவே இல்லை.

கவுன் லியோட்டாவுடையது. வெர்னாவின் கணவன் ஹார்லனின் முதல் மனைவி. நல்ல உடுப்பைப் போட்டு அவளைப் புதைத்தார்கள். தினமும் உடுத்தியது வீட்டில் தங்கிவிட்டது. மழை பொய்த்த நான்காவது வருடத்தில் துணியை யார் வீணாக்குவார்கள்?

அலசிப் போட்டாள். மறுநாளும் மாவு. அதற்கு மறுநாள் டர்பன்டைன் நெடி. டெஸ்ஸியின் நெஞ்சில் தடவும் மருந்து அது. லியோட்டா பெற்ற நாலு வயதுக் குழந்தை, புழுதியை மூச்சில் வாங்கி மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தாள்.

"மருந்து யாருடி தடவிவிட்டா?"

"அம்மா. நீ தூங்கிட்டே வெர்னா."

பால் கொண்டுவந்த பக்கத்துப் பண்ணைக்காரி அடாவிடம் சொன்னாள்.

"அடுப்புல போட்டுக் கொளுத்துடி அதை. அவ துணி உன்கிட்ட, அவ புருஷன் உன்கிட்ட. பிள்ளையையாவது கேக்க மாட்டாளா?"

"அப்ப உன் கவுனைக் குடு அக்கா."

"என் கவுனுக்குள்ள உன்னை மாதிரி மூணு பேர் நுழையலாம்!"

சிரித்தார்கள். ஆனால் வெர்னா கொளுத்தவில்லை. பெற்றவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். அன்று மாலை அடிமடலைத் தனியாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, லியோட்டாவுக்காக ஒரு ஜெபமும் சொன்னாள்.

ஞாயிறு மதியம் ஹார்லன் டாக்டரை அழைத்துவரப் போயிருந்தபோது வடக்கே கறுப்பாக எழுந்தது புழுதி. மூன்று மணிக்கே வீடு இருண்டது. சுவர்ப்பலகைகளில் மண் உராயும் சத்தம் பெரிய மிருகம் ஒன்று மூச்சு விடுவதுபோல ஏறி இறங்க, குழந்தையின் கட்டிலைச் சுற்றி ஈரத்துணிகளைத் தொங்கவிட்டு, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கால் ஓய்ந்துபோய் வெர்னா உட்கார்ந்திருந்தாள். வெளிக்காற்றில் பத்து நிமிடம் இருந்தால் குழந்தை பிழைக்காது.

கதவு தட்டப்பட்டது.

டாக்டர்! விளக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கை தானாக நாடாவை அவிழ்த்தது. அடிமடலை மேலே போட்டது. கட்டியது.

தட்டும் சத்தம் நின்றது.

துணியில் புதைகுழி மண்ணின் வாடை. கால்கள் திரும்பின. வெர்னா திருப்பவில்லை. கைகள் ஈரத்துணியை விலக்கின.

"அம்மா!" டெஸ்ஸி இரு கைகளையும் நீட்டினாள்.

கைகள் தூக்கின. கதவை நோக்கி நடந்தன கால்கள். தாழ்ப்பாள் பாதி விலகியது.

வெர்னாவுக்குக் குரல் மட்டும் மிச்சமிருந்தது.

"லியோட்டா, வேணாம். வெளிய மூச்சு விட முடியாது அவளால. நீ இங்கேயே இரு. என்னை எடுத்துக்க. எனக்கும் ரொம்ப அலுப்பா இருக்கு."

கை பாதியில் நின்றது. பிறகு தாழ்ப்பாள் மெல்ல மூடியது.

சாயங்காலம் ஹார்லன் தனியாகத் திரும்பினான். டாக்டரின் வண்டி மண்ணில் சிக்கியிருந்தது. டெஸ்ஸி இருமாமல் தூங்கினாள். கைகள் அவனுக்குப் பரிமாறின.

"இன்னிக்கு பீன்ஸ் பழைய ருசியா இருக்கே," என்றான், தலை நிமிராமல்.

ஹார்லன். இங்கே பார். ஒரு தடவை. வெர்னா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

அவளுடைய வாய் திறக்கவில்லை. புன்னகைத்தது.

படுக்கும் நேரம் வந்தது. கவுனைக் கழற்றும் நேரம். மேல்மடலுக்கு அடியில், துணியின் இருட்டில், வெர்னா காத்திருந்தாள். கைகள் இடுப்பு நாடாவுக்கு வந்தன. விரல்கள் முடிச்சைத் தேடித் தொட்டன.

இறுக்கின. அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டன.