மாம்பழ மஞ்சளில் ஐந்து விரல்

வாளி நிறைய நுரை. அந்த நுரை வெள்ளையாக இல்லை, ரோஜா நிறத்தில் இருந்தது.

கடையில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வந்த ஜெயப்ரியா வாசலிலேயே நின்றுவிட்டாள். குழாயடியில் தம்பி அருள் தொப்பலாக நனைந்து நின்றிருந்தான். சட்டையில் நுரை, மூக்கில் நுரை, காதில் நுரை.

"டேய், வாளியில இன்னாடா?"

"அம்மா பொடவ."

ஜெயப்ரியாவின் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

அது அம்மாவின் ஒரே பட்டுச் சேலை. ஓரிக்கை என்கிற அந்த நெசவாளர் ஊரில் அவர்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம்தான். அப்பா முனிசாமி, முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவர். அவர் நெய்த சேலைகளை எந்தெந்த ஊர் மணப்பெண்களோ கட்டினார்கள். சொந்த வீட்டுக்கு வந்தது இது ஒன்றுதான். இதுவும் நெசவில் ஓரிடம் பிசகியதால் முதலாளி வேண்டாம் என்று தள்ளியது. மாம்பழ மஞ்சள் சேலை, அரக்குச் சிவப்புக் கரை.

ஒரு வேடிக்கை பாருங்கள். பட்டு நெய்கிற அந்த வீட்டில் பட்டுத் துவைக்க ஒருவருக்கும் தெரியாது. கட்டினால்தானே துவைப்பதற்கு! சித்தப்பா கல்யாணத்துக்கு அம்மா அதை ஒரு தரம் கட்டினாள். பிறகு மடித்து வைத்தாள். அவ்வப்போது எடுத்துக் காற்றாட விட்டு மறுபடி மடித்து வைத்தாள். போன வருடம் காய்ச்சல் வந்தது. அம்மா போய்விட்டாள்.

இன்று சாயங்காலம் அம்மாவுக்கு முதல் வருடப் படையல். இலை போட்டு, பக்கத்தில் அந்தச் சேலையை வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும். இதற்காக நேற்றே வந்துவிட்ட கங்கையம்மாள் அத்தை, ராத்திரி அருளிடம் சொல்லியிருந்தாள்: "நாளைக்கி உங்கம்மா வரும்டா. அந்தப் பொடவ மேலதான் வந்து குந்தும்."

பெரியவர்கள் இப்படி எதையாவது சொல்லிவிட்டுக் குறட்டை விடப் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகள்தான் தூங்காமல் கிடக்கும்.

"இத ஏண்டா எடுத்த?" ஜெயப்ரியா அடிக்கக் கையை ஓங்கினாள்.

"கொசுவத்துல என் கை இருக்குதுக்கா. கல்யாணத்துல கோழிக் கொழம்பு துன்னுட்டுப் புடிச்சி இழுத்தேன்ல? அம்மா திட்டுச்சி. 'பெரிய பையனா ஆயி நீயே தொவச்சிக் குடுடா'ன்னு சொல்லிச்சி." அருள் மூக்கை உறிஞ்சினான். "நான் இப்ப ஒண்ணாங்கிளாசுக்கா. இன்னிக்கி வந்து, இன்னும் தொவைக்கலியான்னு கேக்கும்ல?"

ஓங்கிய கை இறங்கிவிட்டது.

"எவ்ளோ பவுடர் போட்ட?"

"பாக்கெட்டு."

"முழுசாவா!"

"அம்மாவுக்குன்னுதான் முழுசா போட்டேன்."

அழ நேரமில்லை. அம்மா போனதிலிருந்து வீட்டுத் துணி மொத்தமும் ஜெயப்ரியாதான் துவைக்கிறாள். ஆறாவது படிக்கிற பெண். அதைப் பார்த்துத் தெருவில் யாரும் ஐயோ என்று சொன்னதில்லை. பெண் பிள்ளைதானே! ஆனால் அவளுக்குத் தெரிந்த துவைப்பு ஊறவைப்பது, கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது, வெயிலில் போடுவது. பட்டுக்கு என்ன செய்வது?

சேலை தெரியாது. நூல் தெரியும். அப்பாவோடு சாயப் பட்டறைக்குப் போயிருக்கிறாள். சாயம் ஏற்றிய பட்டு நூலைப் பச்சைத் தண்ணீரில் அலசுவார்கள். தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடமாட்டார்கள். வெயில் பட்டால் நிறம் வெளுத்துவிடும் என்று நிழலில்தான் உலர்த்துவார்கள். ஜரிகையை யாராவது மடக்கினாலே அப்பாவுக்குக் கோபம் வரும்.

"சேலையும் அந்த நூல்தானே?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நுரைத் தண்ணீரைக் கவிழ்த்தாள். "அருளு, இந்தக் கரைய நீ தனியா புடி. சிவப்பு மஞ்ச மேல படக் கூடாது. பட்டுச்சின்னா உன்னையும் சேத்து அலசிடுவேன்."

அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் ஊற்றி ஊற்றி அலசினாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. பிறகு ரோஜாவாக. தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழாயில் இனி நாளைக்குத்தான் வரும். உள்ளே ஓடிப் போய்க் குடத்தைத் தூக்கி வந்தாள்.

"அக்கா, அது குடிக்கிற தண்ணி!"

"இப்ப பொடவ குடிக்கட்டும். நீ நாளைக்கிக் குடிச்சிக்க."

குடம் காலியாகிற நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. முறுக்கிப் பிழியக் கை துடித்தது. பிழியவில்லை. அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் சேலையைப் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, உள்ளங்கையால் அமுக்கினாள். ஈரம் வேட்டிக்கு வந்தது. கூடவே சாயமும் வந்தது. அப்பாவுக்கு இனி ரோஜா வேட்டிதான். பிறகு வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறியைப் போட்டுச் சேலையைத் தொங்கவிட்டார்கள்.

காய்ந்ததும் பார்த்தார்கள். கரையை ஒட்டி மஞ்சளில் சிவப்பு ஊறியிருந்தது. ஜரிகை மங்கியிருந்தது. கொசுவத்தில் எண்ணெய்த் தடம், ஐந்து விரலும் அப்படியே. போகக் கூடாத நிறம் போய்விட்டது. போக வேண்டிய கறை போகவே இல்லை.

அருள் சத்தமே வராமல் அழுதான்.

கோயிலுக்குப் போயிருந்த அத்தை அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். "அய்யய்யோ! எவ கை வச்சது இதுல?"

ஜெயப்ரியா தம்பியைப் பார்த்தாள். "நான்தான் அத்தே. ஊறவச்சிட்டேன்."

"செத்தவ பொடவய நாசம் பண்ணிட்டியேடி! கறை பட்டதப் படையல்ல வைக்கறதா? எம் பையில ஒரு பொடவ இருக்குது, அத வச்சிக்கலாம்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டபடி அப்பா வந்து நின்றார். சேலையைப் பார்த்தார். கரையோரத்தை விரலால் தடவினார். பிறகு குனிந்து, அருளின் காதில் காய்ந்து ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தார்.

"யாரு ஊறவச்சதுன்னு காது சொல்லுது" என்றார். "அலசுனது யாரு?"

"நான்பா."

"கரைய?"

"அருளு தனியா புடிச்சிக்கினு இருந்தான்பா."

"இன்னும் கொஞ்சம் ஊறியிருந்தா பொடவ முழுக்க செவந்திருக்கும்" என்றார். கொசுவத்திலிருந்த அந்த ஐந்து விரலைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை தன் பையைத் திறக்கப் போனாள்.

"வேணாம் அத்தே" என்றாள் ஜெயப்ரியா. "உங்க பொடவய எங்கம்மாவுக்குத் தெரியாது. இதத்தான் தெரியும்."

அத்தை அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பையை மூடிவிட்டாள்.

ஜெயப்ரியா சேலையை மடித்தாள். கறையை உள்ளே மறைத்து மடிக்கவில்லை. விரல் தடம் மேலே தெரிகிற மாதிரி மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா கற்பூரம் ஏற்றினார். அருள் அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, கறை போவலியே. அம்மா திட்டுமா?"

அவள் அவனைச் சேலைப் பக்கம் இழுத்தாள். அவன் கையை எடுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்தாள். விரல்கள் தடத்தைத் தாண்டி வெளியே நீண்டன.

அருள் உற்றுப் பார்த்தான். "அக்கா! என் கை பெருசாயிடுச்சி!"

"அம்மாகிட்ட காட்டு" என்றாள் ஜெயப்ரியா.

கற்பூரம் அணையும் வரை அவன் கையை எடுக்கவில்லை.