தடவிப் பிரித்த துணி

வாஷிங் மெஷின் மூடியைத் திறந்ததும் மகன் போட்ட கூச்சல் அடுப்படி வரைக்கும் கேட்டது.

"மூணு வெள்ளைச் சட்டையும் ரோஸ்! இப்ப எதை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போறது? உன் பாவாடையையா?"

துணிகளுக்கு நடுவே புதுச் சிவப்புத் துண்டு ஒன்று சாயம் கக்கிக் கிடந்தது. பெண்டாட்டி மேல் பாய்ந்தான். "கண்ணு எங்கடி போச்சு உனக்கு?"

"நான்தாங்க... அவசரத்துல பாக்காம போட்டுட்டேன்," என்றாள் மருமகள்.

அடுப்படியிலிருந்த மாமியார் காதில் அது விழுந்தது. பொய்! அந்த வீட்டில் துணி பிரிப்பது மாமியார் ஒருத்திதான். பாக்கெட்டைத் துழாவுவது, சட்டையை உள்பக்கம் திருப்புவது, வெள்ளை ஒரு கூடை, சாயத்துணி ஒரு கூடை... இதில் எவரையும் அவள் நம்பியதில்லை. ஒரு வருஷமாகக் கண்ணில் புகை படிந்த மாதிரி மங்கல். சொன்னால் மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து, தடவிப் பார்த்தே பிரித்தாள். வெள்ளைத் துண்டும் சிவப்புத் துண்டும் கைக்கு ஒன்றுதானே!

ஆனாலும் இத்தனை நாள் ஒரு தப்பும் நடக்கவில்லை. எல்லாம் தன் கைச் சாமர்த்தியம் என்று இறுமாந்திருந்தாள். நேற்றுக் கூடைப் பக்கம் சரசரப்புக் கேட்டதும், "நான் பிரிச்சதைக் கிளற நீ யாருடி? என்னை வேவு பாக்கறியா?" என்று மருமகளைப் பிடித்துக் கத்தினாள். அவளும் கையை எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்குச் சட்டை ரோஸ்.

அப்படியானால் தினம் தினம் திருத்தி வைத்தது மருமகள்தானா! வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மகன் இன்னும் வைதுகொண்டிருந்தான். மருமகள் தலை குனிந்து வாங்கிக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துடா! துண்டை வெள்ளையோட போட்டது நான். எனக்குக் கண்ணு தெரியலடா!"

மகன் கையிலிருந்த சட்டை நழுவியது. "என்னம்மா சொல்றே?"

"இவளுக்குத் தெரியும். ஏண்டி, தெரிஞ்சும் எதுக்குப் பேச்சு வாங்கினே?"

"நீங்களே மறைக்கிறப்ப நான் எப்படி அத்தை சொல்றது?"

"பாவி நான்... உன்னைப் போயி வேவுன்னேனே!" மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். மகன் ரோஸ் சட்டையைக் குனிந்து எடுத்து, பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியாமல், "நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்..." என்று முனகினான்.

"அதை அப்புறமா பேசிக்கலாம். சாயக் கூடை அப்படியே இருக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மருமகள்.

மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்தாள். தடவவில்லை. அப்படியே நீட்டினாள்.

"இது என்ன நிறம்மா?"